கிளம்பாத பழைய கார்: முதலில் சோதனை, பிறகு செலவு

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ ஒரு பழைய கார் நிற்கிறதா? கார்புரேட்டர் பொருத்திய முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவாக இருந்தால் இன்னும் நல்லது. 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் அறிமுகமான அந்தக் காரை இன்றும் நம் தாமான்களில் ஆங்காங்கே பார்க்கலாம். வயதாகிவிட்டதால் சில காலைகளில் அது அடம் பிடிக்கும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழலும்; ஆனால் கிளம்பாது.

உடனே வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். "பேட்டரி போயிருக்கும்" என்பார் ஒருவர். "பிளக்கை மாற்று" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "பெட்ரோல் பம்ப்தான், சந்தேகமே இல்லை" என்பார் சித்தப்பா. யாருடைய குரல் உரக்க ஒலிக்கிறதோ, அவர் சொன்ன பாகம் வாங்கப்படும். அது சரிவராவிட்டால் அடுத்தவர் சொன்ன பாகம்.

இந்தப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. காசு வீணாகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்தபோது உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், மாறிகள் என்று மனப்பாடம் செய்தீர்கள் அல்லவா? இடைநிலைப்பள்ளிக்கு வந்த பிறகு அதையே வேறு மொழியில் மீண்டும் படிக்கிறீர்கள். அந்தச் சொற்கள் எல்லாம் தேர்வுத்தாளுக்கு மட்டும்தான் என்று நினைத்து, வீட்டு வாசலில் ஒரு கார் கிளம்ப மறுக்கும்போது அவற்றை மறந்துவிடுகிறோம். உண்மையில் அவை மிகவும் தேவைப்படும் இடம் அதுதான்.

மூன்று தேவைகள், மூன்று கேள்விகள்

பெட்ரோல் எஞ்சின் கிளம்ப மூன்று விஷயங்கள் வேண்டும். பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்த கலவை, அந்தக் கலவையை அழுத்தும் பிஸ்டன், சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும்.

ஆகவே முதல் கேள்வி: ஸ்டார்ட்டர் வழக்கமான வேகத்தில் சுழல்கிறதா? மெதுவாக முனகி, முன்விளக்கும் மங்கினால் பேட்டரியையோ அதன் இணைப்புகளையோ சந்தேகப்படலாம். சுறுசுறுப்பாகச் சுழன்றால் பேட்டரியின் மேல் பழி போட வேண்டியதில்லை. புதிய பேட்டரி வாங்கும் செலவை, காது கொடுத்துக் கேட்பதாலேயே தவிர்த்துவிட்டோம்.

இரண்டாவது கேள்வி: பலமுறை முயன்றும் கிளம்பாத எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கை மெக்கானிக் கழற்றும்போது அது ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? ஈரமாகவும் பெட்ரோல் வாசனையோடும் இருந்தால், பெட்ரோல் வந்து சேர்ந்துவிட்டது. பிரச்சினை தீப்பொறியில் இருக்கலாம், அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்திருக்கலாம். காய்ந்திருந்தால், பெட்ரோல் வரவே இல்லை என்று ஊகிக்கலாம்.

ஒரு சிறு பிளக்கின் ஈரம் சந்தேகப் பட்டியலில் பாதியை அடித்துவிடுகிறது, பார்த்தீர்களா? இதற்குச் செலவு எதுவும் இல்லை.

பெட்ரோலின் பயணம்

பிளக் காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி மூன்றாவது கேள்வி: பெட்ரோல் எங்கே நின்றுவிட்டது? அதைக் கேட்க, அது வரும் வழி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பின்பக்கத் தொட்டியில் இருந்து நீண்ட குழாய் வழியாக முன்பக்கம் வருகிறது. வழியில் ஒரு ஃபில்டர் அதில் உள்ள தூசியையும் துருவையும் பிடிக்கிறது. அடுத்து பம்ப். பழைய சாகாவின் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது அல்ல; எஞ்சின் சுழலும்போது அதன் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு மேலும் கீழும் அசைகிறது. அங்கிருந்து பெட்ரோல் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு கிண்ணத்தில் நிரம்புகிறது. கிண்ணத்தில் ஒரு மிதவை உண்டு. நம் கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பதைப் போலவே, போதுமான அளவு நிரம்பியதும் அது மேலே எழும்பி வரும் வழியை அடைத்துவிடும்.

கிண்ணத்தில் இருந்து பெட்ரோல் எப்படி எஞ்சினுக்குள் போகிறது? கார்புரேட்டரின் குழல் நடுவில் குறுகி இருக்கும். குறுகிய இடத்தில் காற்று வேகமாகப் பாயும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். படிவம் 5 இயற்பியலில் வரும் பெர்னூலி கோட்பாடு இதுதான். டேனியல் பெர்னூலி இதை 1738இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் ஒரு நுண்துளை வழியாகப் பெட்ரோல் வெளிப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் முழுவதும் ஆவியாகாது. அதனால் அப்போது மட்டும் கூடுதல் பெட்ரோல் தர 'சோக்' உதவுகிறது.

இன்னொரு நுட்பம் உண்டு. பம்ப் பெட்ரோலை 'இழுக்கிறது' என்று சொல்கிறோம். உண்மையில், பம்ப் தன் உள்ளே அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்கிறது. தொட்டியில் உள்ள பெட்ரோலைத் தள்ளி அனுப்புவது வளிமண்டல அழுத்தம், அதாவது சுமார் 101 கிலோபாஸ்கல். இதை மனத்தில் வைத்தால் இரண்டு பழுதுகள் எளிதில் புரியும்.

முதலாவது, தொட்டிக்குள் காற்று நுழையும் வழி அடைபட்டால் பெட்ரோல் வராது. பெட்டி மைலோவை ஸ்ட்ராவில் வேகமாக உறிஞ்சினால் பெட்டி ஒடுங்கி, பிறகு பானம் வர மறுக்கும் அல்லவா? அதே கதைதான். கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிட்ட காரில் தொட்டி மூடியைத் திறந்தால் காற்று 'உஸ்' என்று உள்ளே போகும். அதன் பிறகு கார் கிளம்பினால் இந்த அடைப்பைச் சந்தேகிக்கலாம்.

இரண்டாவது, பம்புக்கு முன்னால் உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமலேயே போகலாம். அதற்குப் பதில் வெளிக்காற்று உள்ளே நுழையும். தே ஐஸ் பொட்டலத்தில் போட்ட ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் வாயில் வெறும் காற்றுதானே வருகிறது! தரையில் ஒரு சொட்டும் இல்லை என்பதால் குழாய் நன்றாக இருக்கிறது என்று எவரும் முடிவு செய்துவிடக்கூடாது.

ஒரு மாணவியின் குறிப்பேடு

படிவம் 4இல் படித்த என் மாணவி ஒருவர் வீட்டில் இதே போன்ற கார் ஒன்று இருந்தது. சில காலைகளில் கிளம்பும்; சில காலைகளில் கிளம்பாது. மழைக்குளிர்தான் காரணம் என்று வீட்டார் உறுதியாக நம்பினார்கள். என்னிடம் அவர் வந்து சொன்னபோது பேட்டரி, பிளக், பம்ப் மூன்றும் அடுத்தடுத்து மாற்றப்பட்டுவிட்டன. பல நூறு ரிங்கிட் செலவு. அப்பாவின் வேலைக்கு அந்தக் கார் ஒன்றுதான். அடுத்துக் கார்புரேட்டரையே மாற்றலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

ஒரு குறிப்பேடு வைக்கும்படி மட்டும் சொன்னேன். தேதி, கார் எத்தனை மணி நேரம் நின்றது, முந்தைய இரவு மழை பெய்ததா, கிளம்ப எத்தனை விநாடி ஆனது என நான்கே பத்திகள். மூன்று வாரம் எழுதினார்.

மழை பெய்த செவ்வாய்க்கிழமைக் காலையில் கார் இரண்டு விநாடியில் கிளம்பியிருந்தது. முந்தைய இரவு அப்பா அதை ஓட்டியிருந்தார். மழையே இல்லாத ஒரு திங்கட்கிழமைக் காலையில் நான்கு முறை முயன்ற பிறகே கிளம்பியது. வெள்ளிக்கிழமை மாலையில் இருந்து அது நின்றிருந்தது. மூன்று வாரமும் இதே ஒழுங்கு. கார் கிளம்ப ஆகும் நேரம் மழையைச் சார்ந்திருக்கவில்லை. கார் நின்ற காலத்தைச் சார்ந்திருந்தது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்று கவனியுங்கள். மழைதான் காரணம் என்றால் ஈரத்தால் பாதிக்கப்படும் பாகங்களைத் தேட வேண்டும். தீப்பொறியைக் கொண்டுசெல்லும் பழைய கம்பிகள் அப்படிப்பட்டவை. வீட்டார் சொன்னது அறிவில்லாத பேச்சு அல்ல. அது ஒரு நல்ல கருதுகோள். ஆனால் சோதித்துப் பார்த்தபோது தோற்றுவிட்டது. நின்ற காலம்தான் காரணம் என்றால், மெதுவாக ஏதோ ஒன்று குறைந்துகொண்டே வருகிறது என்று பொருள். கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் நம் வெயிலில் நாள்கணக்கில் ஆவியாகிறது. கிண்ணம் சிறியது, ஒரு சிறு தேநீர்க் கோப்பை அளவைத் தாண்டாது. அது காய்ந்த பிறகு பம்ப் மறுபடியும் தொட்டியில் இருந்து பெட்ரோலைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் காரில் இது சில விநாடி வேலை. இந்தக் காரில் ஏன் இவ்வளவு நேரம்?

குறிப்பேட்டோடு மெக்கானிக்கிடம் போனார்கள். அவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாராம். காரை மூன்று நாள் நிறுத்தச் சொல்லி, வீட்டுக்கே வந்து பார்த்தார். பிளக் காய்ந்திருந்தது. எஞ்சினை இயக்காமல், காற்று ஃபில்டரின் மூடியைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயைக் கைவிளக்கால் பார்த்துக்கொண்டே ஆக்சலரேட்டர் கம்பியைக் கையால் அசைத்தார். கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தால் மெல்லிய தாரையாகப் பீய்ச்ச வேண்டும், எதுவும் வரவில்லை. காரைக் கிளப்பி ஓட்டி வந்த பிறகு, எஞ்சினை நிறுத்திவிட்டு அதே சோதனையைச் செய்தார். இப்போது பீய்ச்சியது. அப்படியானால் பீய்ச்சும் அமைப்பில் பழுது இல்லை. காலையில் கிண்ணம்தான் காலியாக இருந்தது.

பின்னர் குழாயைத் தடவிக்கொண்டே போனார். பம்புக்கு முன்னால், இரும்புக் குழாயும் ரப்பர் குழாயும் சேரும் இடத்தில், ரப்பர் காய்ந்து மயிரிழை போல வெடித்திருந்தது. குழாயில் பெட்ரோல் நிறைந்து ஓடும்போது அந்தச் சிறு வெடிப்பு பெரிய தொல்லை தரவில்லை. கார் நின்றபோது அதன் வழியே காற்று புகுந்து, பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பிப் போயிருக்கிறது. புதிய பம்ப் காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

சில ரிங்கிட் விலையில் ஒரு துண்டு ரப்பர் குழாய். அன்றே கார் நன்றாகக் கிளம்பியது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து அந்த மாணவி செய்த காரியம். "சரியாகிவிட்டது" என்று அவர் அன்று எழுதவில்லை. மறுபடியும் மூன்று நாள் காரை நிறுத்திவைத்து, நான்காம் நாள் காலையில் எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்த பிறகே எழுதினார். ஒரு முறை கிளம்பியதை அவர் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. பழுது வந்த அதே சூழலில் அது வராமல் போக வேண்டும் என்று காத்திருந்தார்.

ஒரே நேரத்தில் ஒன்று மட்டும்

"எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டால் எப்படியும் சரியாகிவிடுமே" என்று சிலர் கேட்கலாம். சரியாகலாம். எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை அதே பழுது வந்தால் மறுபடியும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றைக் கட்டுப்படுத்துவதன் காரணம் இதுதான்.

வேறொரு காரில் இருந்து நன்றாக வேலை செய்யும் பாகத்தை எடுத்துப் பொருத்திப் பார்ப்பதும் ஒரு சோதனைதானே என்றும் கேட்கலாம். நிச்சயமாக. ஒன்றை மட்டும் மாற்றி, பலன் இல்லாவிட்டால் பழையதையே திரும்பப் பொருத்தினால் அது முறையான சோதனை.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கும் ஒரு வழி உண்டு: நடுவில் இருந்து தொடங்குங்கள். தொட்டியில் இருந்து கார்புரேட்டர் வரை எட்டு இடங்களில் பழுது இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஏழு சோதனைகள் வரை தேவைப்படலாம். நடுவில் ஓர் இடத்தில் பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தால் ஒரே சோதனையில் நான்கு இடங்கள் நீங்கும். அடுத்ததில் இரண்டு. மூன்றாவது சோதனையில் பழுதான இடம் தெரிந்துவிடும். கணினி அறிவியல் படிப்பவர்கள் இதை இருமத் தேடல் என்று படித்திருப்பீர்கள்.

பழுது எப்போது வருகிறது என்பதும் வழிகாட்டும். பல நாள் நின்ற பிறகு என்றால், கிண்ணம் காய்வதையும் குழாயில் காற்று புகுவதையும் நினையுங்கள். வெயிலில் ஓட்டி வந்து பசாரில் கால்மணி நேரம் நிறுத்திய பிறகு கிளம்பவில்லை என்றால், பொனட்டுக்கு அடியில் உள்ள வெப்பத்தில் பெட்ரோல் கொதித்திருக்கலாம். பெட்ரோல் பல சேர்மங்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் 40 பாகை செல்சியசுக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கும். நன்றாகக் கிளம்பி, கெந்திங் மலை ஏறும்போது மட்டும் திணறினால் ஃபில்டர் அடைப்பைச் சந்தேகியுங்கள். மலையில் எஞ்சின் கேட்கும் பெட்ரோலின் அளவு அதிகம்.

புதிய கார்களுக்கு இது தேவையா?

"சார், இப்போதெல்லாம் கம்ப்யூட்டரை மாட்டினால் அதுவே சொல்லிவிடும்" என்று வகுப்பில் ஒரு குரல் எழுவது வழக்கம். கம்ப்யூட்டர் ஒரு குறியீட்டைக் காட்டும், அது உண்மைதான். பி 0171 என்ற குறியீடு வந்தால், கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்று பொருள். ஆனால் ஏன் குறைந்தது? பம்ப் பலவீனமாக இருக்கலாம். ஃபில்டர் அடைத்திருக்கலாம். ஏதோ ஒரு குழாயில் வெளிக்காற்று புகுந்திருக்கலாம். காற்றின் அளவைச் சொல்லும் உணரி பொய் சொல்லலாம். காய்ச்சல் இருக்கிறது என்று வெப்பமானி காட்டுவது போலத்தான் இது. என்ன நோய் என்பதை யாராவது கண்டுபிடிக்க வேண்டும்.

பெட்ரோலை நேரடியாகப் பீய்ச்சும் புதிய எஞ்சின்களில் தொட்டிக்குள்ளேயே மின்சாரப் பம்ப் இருக்கும். சாவியைத் திருப்பியதும் பல கார்களில் அதன் ரீங்காரம் ஓரிரு விநாடி கேட்கும். கேட்கவில்லை என்பதற்காகப் பம்ப் போய்விட்டது என்று சொல்லிவிடாதீர்கள்; ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டுமே பம்ப் இயங்கும்படி அமைந்த கார்களும் உண்டு. அந்தக் காரின் இயல்பு என்ன என்று தெரிந்த பிறகே எந்த உற்றறிதலுக்கும் பொருள் கிடைக்கும்.

கட்டாயம் படிக்க வேண்டிய எச்சரிக்கை

உங்கள் பங்கு கவனிப்பதும் எழுதுவதும் கேள்வி கேட்பதும்தான். கழற்றுவதைப் பெரியவர்களுக்கும் மெக்கானிக்குக்கும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தூரத்தில் உள்ள நெருப்பைத் தேடிப் போகும். பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் தீப்பெட்டி, சிகரெட், லைட்டர் எதுவும் கூடாது. கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. தீ மேலெழுந்து முகத்தைச் சுடலாம். குழாயில் வாய் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சவே கூடாது. கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கே ஆபத்து. புதிய கார்களின் பெட்ரோல் குழாயில் அழுத்தம் மிக அதிகம். பல கார்களில் சுமார் 300 கிலோபாஸ்கல். அதைத் தொடவே வேண்டாம். மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும்.

ஒரு குறிப்பேடு போதும்

மாணவர்களே, அந்த மாணவி பயன்படுத்தியது ஒரு பழைய குறிப்பேட்டையும் கைக்கடிகாரத்தையும்தான். அவர் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் வாங்கவிருந்த கார்புரேட்டர் கடையிலேயே இருந்தது. வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு கருத்துச் சொன்னபோது, அவரிடம் மட்டும் தரவு இருந்தது.

உங்கள் வீட்டில் கார் இல்லாமல் இருக்கலாம். தாத்தாவின் மோட்டார் சைக்கிள், அவ்வப்போது நின்றுபோகும் மின்விசிறி, சில நாள் மட்டும் குளிராத குளிர்பெட்டி என்று அடம் பிடிக்கும் ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கும். இந்த வாரம் அதற்கு ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். எப்போது பழுது வருகிறது, எப்போது வரவில்லை என்று இரண்டையும் எழுதுங்கள். வராத நாள்களைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. விடை பல நேரம் அங்கேதான் இருக்கிறது.

அதன் பிறகு யாராவது "இந்தப் பாகத்தை மாற்றினால் சரியாகிவிடும்" என்று சொன்னால், பணிவோடு ஒரு கேள்வி கேளுங்கள்: "மாமா, அதுதான் காரணம் என்று எப்படித் தெரியும்? வாங்குவதற்கு முன்பு சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறதா?"